விடையோடு வரும் கேள்வி

நன்னூல் வினாக்களை ஆறு வகையாகப் பிரிக்கிறது. விடை தெரிந்திருந்தும் எதிரே இருப்பவர் அறிவாரா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்னும் மயக்கத்தில் கேட்பது ஐய வினா. பெறுவதற்காகக் கேட்பது கொளல் வினா, கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா, ஒரு செயலைச் செய்விப்பதற்காகக் கேட்பது ஏவல் வினா. 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவரின் இந்தப் பகுப்பைப் பள்ளியில் மனப்பாடம் செய்து, தேர்வு மண்டபத்தில் எழுதிவிட்டு, வாசலைத் தாண்டும்போதே மறந்தவர்கள்தான் தமிழ்நாட்டில் மிகுதி. அப்படி மறந்தவர்கள் நடுவயதில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கூடி, நாள்தோறும் ஒருவருக்கொருவர் ஒரு பொது அறிவுக் கேள்வி போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்த ஆறில் எதில் அடங்கும் என்பது முதற்பார்வைக்கு எளிதாகவே தெரிகிறது. கேட்பவரிடம் விடை இருக்கிறது. ஆகவே அது அறிவினா. ஆயினும் ஆசிரியர் மாணவனிடம் கேட்கும் அறிவினாவுக்கும் இதற்கும் இடையில் ஏதோ பொருந்தாமல் உறுத்துகிறது. கேள்விகள் தவறாக இருப்பதால் வரும் உறுத்தல் அன்று அது. பெரும்பாலான கேள்விகள் சரியானவை, விடைகளும் சரியானவை, எல்லாம் சரியாக இருந்தும் நாளின் முடிவில் எதையோ கேட்காமல் விட்டதுபோல் ஒரு குறை தங்கிவிடுகிறது. அந்தக் குறைக்கு இலக்கணத்தில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே மேற்சொன்ன ஆறு வகையும் இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டன.

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒன்றாகப் படித்துவிட்டு, வேலை நிமித்தமாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் நியூஜெர்சிக்கும் பிரிந்துபோனவர்களின் குழுக்களில் இந்தப் பழக்கத்தைப் பரவலாகக் காணலாம். 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கு அதற்கு நேரம் தந்தது. அதே ஆண்டு ஜனவரியில் டெலிகிராம் செயலி, சரியான விடையை முன்னதாகவே குறித்துவைத்து வாக்கெடுப்பு நடத்தும் வினாடி வினா வசதியைச் சேர்த்திருந்தது. வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு 2022 நவம்பரில்தான் வந்தது. அதுவரை விடையை எழுத்தில் தட்டித்தான் அனுப்பவேண்டியிருந்தது. இது சிறிய தொழில்நுட்பச் செய்தியாகத் தோன்றினாலும், எழுதிச் சொல்வதற்கும் தொட்டுச் சொல்வதற்கும் உள்ள தொலைவு பின்னர் தேவைப்படும். கேள்வி வரும் வேளை பெரும்பாலும் விடியற்காலை. பசுவும் யானையும் முன்னிற்க, வீணை ஒலிக்க, அரங்கன் சன்னிதியில் விசுவரூப தரிசனத்துக்குக் கூட்டம் காத்திருக்கும் அந்நேரத்தில், உத்தர வீதி வீடொன்றில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும் மணத்துக்கு நடுவே ஒருவர் கேள்வியைப் பதிவிடுகிறார். நியூஜெர்சியில் அது முந்தைய நாளின் இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் வேளை. கேள்வி, நான்கு விடைகள், கூகுள் பார்க்கக் கூடாது என்ற வழக்கமான எச்சரிக்கை, கட்டைவிரல்கள், ‘நேற்றே யோசித்தேன்’ என்னும் பொய்கள், இரவில் விடை, ஞாயிற்றுக்கிழமை மதிப்பெண் பட்டியல். வதந்திகளையும் கட்சிச் சண்டைகளையும் பூங்கொத்துப் படத்தோடு வரும் காலை வணக்கங்களையும் சுமக்கும் பிற குழுக்களோடு வைத்துப் பார்த்தால் இதில் குறைசொல்ல ஒன்றும் இல்லை என்றே சொல்லவேண்டும்.

அறிவினாவுக்கு இலக்கணிகள் காட்டும் வழக்கமான எடுத்துக்காட்டு, ஒரு நூற்பாவின் பொருளை ஆசிரியர் மாணவனிடம் கேட்பது. அங்கே ஆசிரியர் அறிந்திருப்பது அந்த ஒரு விடையை மட்டும் அன்று. விடையைச் சுற்றியுள்ள நிலப்பரப்பு முழுவதும் அவருக்குத் தெரியும், ஆகவே மாணவன் தவறினால் எந்த இடத்தில் வழி மாறினான் என்பதையும் அவரால் சொல்ல முடியும். காலைக் கேள்வியைப் போடுபவர் நிலை வேறு. அவர் அதை நேற்றிரவு எங்கோ கண்டெடுத்தார். கண்டெடுக்கும்போதே கேள்வியும் விடையும் ஒட்டிக்கொண்டு வந்தன. கேள்வி என்று ஒன்று தனியாக அவர் மனத்தில் ஒரு கணமும் தங்கவில்லை. மற்றவர்களைவிட அவருக்கு உள்ள ஒரே மேம்பாடு, சில மணி நேரம் முன்னதாகத் தெரிந்துகொண்டதுதான். இந்தியாவில் வினாடி வினா ஒரு பொதுப்பழக்கமான வரலாற்றிலேயே இந்த இயல்பு இருக்கிறது: 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ பிரையன் நடத்திய போட்டி தொடங்கி, 1972 முதல் வானொலியில் ஒலித்த போர்ன்விட்டா போட்டி, 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய குவிஸ் டைம், 2000இல் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய கோடீஸ்வரன் வரை, கேள்வி கேட்பவர் கையில் ஓர் அட்டையோ திரையோ இருந்தது. அட்டையில் இருப்பதே விடை. நடத்தியவர்களுள் சிலர் உண்மையிலேயே பேரறிவாளர்கள் என்பது ஆட்டத்துக்கு வேண்டாத கூடுதல் தகுதி. அட்டை இருந்தால் போதும்.

இதற்கு நேர் எதிரான ஒரு மரபு தமிழ் வார இதழ்களில் இருந்தது, அதை வளர்த்தவர்களுள் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர் என்பதும் கவனிக்கத்தக்கது. ஜூனியர் விகடனில் சுஜாதா எழுதிய ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பகுதியில் கேட்பவர் வாசகர். அவருக்கு விடை தெரியாது. பல சமயம் கேள்வியைச் சரியாகக் கேட்கவும் தெரியாது. அறியா வினாவின் அழகு அதில்தான் இருக்கிறது, ஏனெனில் பதில் எழுதுபவர் முதலில் கேள்வியைத் திருத்தி, அதற்குள் ஒளிந்திருந்த வேறொரு கேள்வியை வெளியே எடுத்துப் பின்னரே விடைக்குப் போகவேண்டியிருந்தது. அஞ்சலட்டையில் எழுதி, அஞ்சல் தலைக் காசை மிச்சப்படுத்தியவராகப் பெருமைப்பட்டு, வாரக்கணக்கில் இதழைப் புரட்டிப் பார்த்துக் காத்திருந்த வாசகனுக்குத் தெரியாமையோடு சேர்ந்து வாழும் காலம் ஒன்று வாய்த்தது. அந்தக் காலத்தில் அவன் கேள்வி அவனுக்குள் புளித்தது, வேறு மூவரிடம் கேட்கப்பட்டது, தவறான விடைகள் சிலவற்றை உண்டு வளர்ந்தது. அக்காலத்தில் துணுக்குகளுக்கும் குறைவில்லை. தமிழ்வாணனின் கல்கண்டு இதழ் துணுக்குச் செய்திகளுக்கென்றே வாங்கப்பட்டது. ஆனால் துணுக்கு கேள்வி வேடம் போட்டு வரவில்லை. அது தன்னைச் செய்தி என்றே சொல்லிக்கொண்டது. துணுக்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் காலையிலும் மறு பாதியை இரவிலும் கொடுத்தால் அதுவே இன்றைய கேள்வி ஆகிவிடுகிறது.

சொந்த ஊரைப் பற்றிய கேள்விகள் வரும் நாள்களில்தான் இந்த முறையின் இறுக்கம் நன்றாகப் புலப்படுகிறது. திருச்சி மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கு எத்தனை படிகள் என்பது இத்தகைய குழுக்களுக்கென்றே பிறந்த கேள்வி. 417 என்று ஒரு விடை புழங்குகிறது. 437 என்று பயணக் கையேடுகளில் பார்க்கலாம். 344 என்றும் அச்சாகியிருக்கிறது. மூன்றும் எண்ணியே சொல்லப்பட்டிருக்கக் கூடும். கீழே மாணிக்க விநாயகர் சன்னிதி வாசலிலிருந்து எண்ணுபவருக்கு ஓர் எண் கிடைக்கும். கடைத்தெருவில் காலெடுத்து வைக்கும் இடத்திலிருந்து எண்ணுபவருக்கு வேறோர் எண் கிடைக்கும். தாயுமானவர் சன்னிதிக்குத் திரும்பும் பாதையைச் சேர்ப்பதா, நடுவில் சமதளமாக நீளும் இடங்களில் இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கும் விளிம்பைப் படி என்று கொள்வதா என்னும் சிக்கல்களும் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயிலைப் பார்க்கப் பக்கவாட்டில் ஒதுங்கியவர் எண்ணிக்கையைக் கோட்டைவிடுவது நிச்சயம். கற்சுவரின் குளிர்ச்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் நெடியும் சூழ்ந்த அந்த இருண்ட ஏற்றத்தில் எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பதே பெரிய கேள்வி. அதைக் கேட்டால் விடை இல்லாமல் போகும், ஆனால் மலையைப் பற்றி ஏதாவது தெரியவரும். நான்கு கட்டங்களுக்குள் 417 என்ற எண்ணை வைத்து, அதைத் தொட்டவருக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கும்போது, எண்ணுவது என்னும் செயலே கதையிலிருந்து நீங்கிவிடுகிறது. அந்தப் பாறையின் வயது 380 கோடி ஆண்டுகள் என்று இணையத்தில் சுற்றிவரும் செய்தியும் அவ்வாறே கேள்வியாகிறது; யார், எந்த முறையில், எந்தத் துண்டை எடுத்து அளந்தார் என்று கேட்டவர் எவரும் அன்றைய மதிப்பெண்ணைப் பெறுவதில்லை.

ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி என்று ஒரு கணக்கு, 239 அடிக்கும் சற்று மேல் என்று மற்றொன்று. கோயில் பரப்பு 155 ஏக்கர் என்றும் 156 ஏக்கர் என்றும் இரு கணக்கு. ஆசியாவிலேயே உயர்ந்த கோபுரம் என்ற பழைய விடைக்குக் கர்நாடகத்து முருடேஸ்வரம் எதிர்வழக்காடுகிறது. சர். சி. வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த ஊர் எது என்ற கேள்விக்குத் திருச்சி என்றும் திருவானைக்காவல் என்றும் இரு விடைகள் தரப்படுகின்றன. ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளை இணைத்து 1994இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி உருவானபின் இரண்டும் ஒரே ஊராகிவிட்டன என்று நிர்வாகம் சொல்லும், ஆனால் காவிரிப் பாலத்தைக் கடக்கும் ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் இன்னமும் திருச்சிக்குப் போய்வருவதாகத்தான் சொல்கிறார்கள். எழுத்தாளர் சுஜாதாவின் இயற்பெயரும் கவிஞர் வாலியின் இயற்பெயரும் ரங்கராஜன் என்பது குழுக்களில் ஆண்டுக்கொரு முறையேனும் கேட்கப்படும் கேள்வி. ஸ்ரீரங்கத் தீவில் மாலை நேரத்தில் வீதி நடுவே நின்று அப்பெயரைக் கூப்பிட்டால் எத்தனை திண்ணைகளிலிருந்து பதில் வரும் என்பதை அறிந்தவர்களுக்கு அதில் வியக்க ஒன்றும் இல்லை.

இங்கே நன்னூலின் இன்னொரு பகுப்பு உதவிக்கு வருகிறது. வினா ஆறு என்றால் விடை எட்டு: சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடியானவை, அதாவது இது என்று காட்டுவது, இல்லை என்பது, ஆம் என்பது. மற்ற ஐந்தும் சுற்றி வந்து பொருள் தருபவை. செய்வாயா என்றால் நீயே செய் என்பது ஏவல் விடை. செய்யாமல் இருப்பேனா என்று திருப்பிக் கேட்பது வினாதல். விளையாட வருகிறாயா என்றதற்குக் கால் வலிக்கிறது என்று நேர்ந்ததைச் சொல்வது உற்றது உரைத்தல். வலிக்கும் என்று நேரப்போவதைச் சொல்வது உறுவது கூறல். கதை எழுதத் தெரியுமா என்றால் கட்டுரை தெரியும் என்று இனமான ஒன்றைச் சொல்வது இனமொழி. எட்டையும் விடை என்றே இலக்கணம் ஏற்கிறது என்பது சிறிய செய்தி அன்று. ராஜகோபுரத்தின் குடமுழுக்கு எந்த ஆண்டு என்று கேட்டால், 1987 என்பது சுட்டு விடை. நாளும் உறுதியாகத் தெரியும், மார்ச் 25. ஆனால் அதே கேள்விக்கு ஒருவர், தம் பாட்டி கடைசிவரை அதை மொட்டைக் கோபுரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார் என்று எழுதினால் அது உற்றது உரைத்தல். விஜயநகர அரசர் காலத்தில் தொடங்கி ஏறத்தாழ 400 ஆண்டுகள் முடிவடையாமல் நின்ற அடித்தளத்தின்மேல், அகோபில மடத்தின் 44ஆவது பட்டம் அழகியசிங்கரின் முயற்சியால் 13 நிலைகள் எழுந்தபோது, மேலே சாரம் கட்டியிருந்தவர்கள் எறும்புகளாகத் தெரிந்ததையும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் கழுத்து வலிக்க அண்ணாந்து நிலைகளை எண்ணியதையும் ஒருவர் நினைவுகூர்ந்தால் அதுவும் விடைதான். விடையைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்த நாள்களில் இவ்வாறான பக்கவாட்டு விடைகளுக்கு வாய்ப்பு இருந்தது, ஏனெனில் விரல் எப்படியும் எழுத்தின்மேல் இருந்தது. ஒரு சொல் எழுதப் புகுந்தவர் நான்கு வரி எழுதிவிடுவது தமிழருக்கு இயல்பு. வட்டத்தைத் தொட்டால் போதும் என்று ஆனபின் ஐவகை விடைகளும் ஒவ்வொன்றாக விடைபெற்றன. யாராவது எழுதினாலும், ‘தலைப்பை விட்டு விலகாதீர்கள்’ என்று நிர்வாகி நினைவூட்டுகிறார். மதிப்பெண் பட்டியல் தயாரிப்பவருக்கு அது இடைஞ்சல் என்பதும் உண்மை.

கேள்வியாக முடியாதவை எவை என்று பார்ப்பது இன்னும் பயன் தரும். கம்பராமாயணம் அரங்கேறிய இடம் எது என்று கேட்டால் ஸ்ரீரங்கத்துக் குழுவில் தவறுபவர் எவரும் இரார். தாயார் சன்னிதிக்கு முன்னுள்ள கம்பர் மண்டபத்தில் விளையாடி வளர்ந்தவர்கள் அவர்கள். அரங்கேறிய ஆண்டு எது என்ற கேள்வி மட்டும் வருவதே இல்லை. சகாப்தம் 807 என்று ஒரு தனிப்பாடல் சொல்வதை அப்படியே கொண்டால் அது கி.பி. 885, நாதமுனிகள் முன்னிலையில் அரங்கேறியது என்னும் மரபும் அதை ஒட்டியே வருகிறது. கம்பர் 12ஆம் நூற்றாண்டினர் என்று கொள்ளும் ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. 1185 என்று கணிப்போரும் உண்டு. இரு விடைகளுக்கும் இடையில் 300 ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த 300 ஆண்டுகளுக்குள் பிற்காலச் சோழப் பேரரசு எழுந்து வளர்ந்து தளரத் தொடங்கிவிட்டது. மரபுக் கதையும் ஒரு கேள்வியைச் சுற்றியே இயங்குகிறது: வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதையைக் காவியத்துள் சேர்த்தது எப்படித் தகும் என்று வைணவப் பெரியோர் தடை எழுப்ப, எதிரே உயரத்தில் இருந்த மேட்டழகியசிங்கர் தலையசைத்து ஏற்றார் என்பது கதை. தடை கேட்டவர்களைக் கதை மூடர்களாக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அவர்கள் கேட்டது நியாயமான ஐய வினா, அதைத் தீர்க்கச் சிற்பமே அசையவேண்டியிருந்தது. இடம் எது என்னும் சுலபமான அறிவினாவுக்கு அடியில் காலம் எது, தகுமா தகாதா என்னும் இரண்டு பெரிய ஐயங்கள் புதைந்திருக்க, தினசரிக் கேள்வி மேலே உள்ள ஓட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. போதுமான செய்தி கிடைக்காமையால் அது அப்படிச் செய்யவில்லை. விடை ஒன்றாக இருந்தாலொழியக் கேள்வியே கிடையாது என்னும் விதியால் செய்கிறது.

விடை ஒன்றா பலவா என்னும் வழக்கு ஸ்ரீரங்கத்துக்குப் புதிதன்று. ஆளவந்தாரின் சீடரான திருமாலையாண்டான், தம் ஆசிரியரிடம் கேட்டபடியே திருவாய்மொழிப் பொருளை இராமாநுசருக்குக் கற்பித்து வந்தார். இராமாநுசரோ சில பாசுரங்களுக்கு வேறு பொருளும் பொருந்தும் என்று சொல்லத் தொடங்கினார். ஆளவந்தாரிடம் கேளாத பொருளைச் சொல்வது விசுவாமித்திர சிருஷ்டி, அதாவது அந்த முனிவர் திரிசங்குவுக்காகப் போட்டிச் சொர்க்கம் படைத்ததுபோன்ற சொந்தக் கற்பனை என்று ஆண்டான் சினந்து பாடத்தையே நிறுத்திவிட்டார் எனக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. ஆண்டான் தரப்பை இகழ்வதற்கு இடமில்லை. கேட்டதைக் கேட்டபடி காப்பது ஒரு பெரும் பொறுப்பு. அவர் கையில் இருந்தது அட்டை அன்று, ஓர் ஆசிரியரின் குரல். திருக்கோட்டியூர் நம்பி வந்து விசாரித்து, அந்தப் பொருளையும் ஆளவந்தார் சொல்லத் தாம் கேட்டிருப்பதாகச் சான்று கூறியபின் பாடம் மீண்டும் தொடங்கியது. அந்த நம்பியிடமே திருமந்திரத்தின் பொருள் பெற இராமாநுசர் ஸ்ரீரங்கத்திலிருந்து 18 முறை நடந்தார் என்பதும் அதே மரபின் செய்தி. அது வினாடி வினாக்களில் ‘எத்தனை முறை’ என்ற கேள்வியாக அடிக்கடி வருகிறது. 18 என்று தொட்டவருக்கு ஒரு மதிப்பெண். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவை அத்தனை தடவை கடந்து, கடைசித் தடவை தவிர ஒவ்வொரு தடவையும் விடையின்றித் திரும்பிய வழியில், கேட்ட கேள்வி கேட்டவரை என்ன செய்திருக்கும் என்பது அந்த எண்ணுக்குள் அடங்காத செய்தி.

பின்னர் 13ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் ஆற்றிய திருவாய்மொழி விரிவுரைகளைக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படி, 32 எழுத்துகள் கொண்ட படி என்னும் அளவில் 36,000 படி நீளமுடையது. அவ்வளவு நீளத்துக்குக் காரணம் அதன் ஆசிரியர்கள் தோற்ற விடைகளையும் தூக்கி எறியாததுதான். இந்த இடத்துக்கு ஆளவந்தார் சொன்ன பொருள் இது, ஆண்டான் சொல்வது இது, எம்பெருமானாராகிய இராமாநுசர் சொல்வது இது என்று அடுத்தடுத்து வைத்து, அவற்றை நிர்வாகம் என்ற பெயரால் குறித்து, சில இடங்களில் ஒன்றைச் சிறந்ததென்று காட்டியும் மற்றதை அழிக்காமல் விட்டது அந்த உரை. சீடர்கள் நடுவில் எழுப்பிய சந்தேகங்களும் அதில் பதிவாகியுள்ளன. கேள்வியும் மறுகேள்வியும் மாற்று விடையுமாக ஒரு கூட்டம் நாள்தோறும் கூடிய ஊர் இது என்று சொன்னால், இன்றைய குழுக்களுக்கு அதன் வாரிசுரிமை கொண்டாட ஆசை வரும். நாள்தோறும் கூடுவது மட்டும் ஒத்திருக்கிறது, மற்றது ஒத்திருக்கவில்லை.

இவ்வளவு கடுமையாகச் சொல்லும்போது எதிர்த்தரப்பு நியாயங்கள் குறுக்கிடாமல் இல்லை. நண்பர்கள் ஈட்டின் உரைகாரர்கள் அல்லர். காலையில் ஒரு கேள்வி போடுபவர் ஞானம் வழங்குவதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அது வெறும் வருகைப் பதிவு என்று கொள்ளலாம்: விடை அனுப்பியவர் இன்றும் இருக்கிறார். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஜோஷ் வார்டில் தம் இணையருக்காக உருவாக்கி 2021இல் பொதுவில் விட்ட வேர்டில் என்னும் ஐந்தெழுத்துச் சொல் விளையாட்டு, நாளுக்கொன்று மட்டுமே வருவது. முடித்தவர்கள் பச்சை, மஞ்சள் கட்டங்களை உறவினருக்கு அனுப்புவது வழக்கம். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 80 வயது மூதாட்டி ஒருவர் தம் வீட்டிலேயே ஓர் அந்நியனால் சிறைவைக்கப்பட்டபோது, வழக்கமான வேர்டில் கட்டங்கள் வரவில்லையே என்று மகள் ஐயுற்றதால்தான் காவலர்கள் வந்து அவரை மீட்டனர். அங்கே விடை சரியா தவறா என்பது யாருக்கும் பொருட்டில்லை. வந்ததா என்பதே பொருள். தனியாக வசிக்கும் முதியவர்கள் நிறைந்த ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளுக்கு இந்தச் செய்தி அந்நியமானதன்று. ஆயின், வருகையைத் தெரிவிக்க மதிப்பெண் பட்டியல் எதற்கு என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. நண்பர்கள் ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தும், கேட்டவருக்கு விடை தெரியாத கேள்வி ஒன்றுகூட அவர்களிடையே கேட்கப்படாதிருக்க முடியும் என்பதே இதில் திகைக்கவைப்பது.

போட்டியே நட்பறிவாக மாறும் வழியும் உண்டு என்பதற்கு ஓர் அமெரிக்க எடுத்துக்காட்டைச் சொல்லலாம். 1997இல் தொடங்கிய லேர்ன்ட் லீக் என்னும் அழைப்பின்பேரில் சேரும் இணையப் போட்டியில், ஆட்ட நாள்தோறும் ஆறு கேள்விகள். இருவர் இருவராக மோதவேண்டும். நூலையோ இணையத்தையோ பார்ப்பதில்லை என்பது வாய்மையை நம்பிய விதி. ஒவ்வொருவரும் தம் எதிராளி அந்த ஆறு கேள்விகளுக்குப் பெறத்தக்க மதிப்பெண்களைத் தாமே பங்கிடுகிறார்: ஒன்றுக்குச் சுழியம், இரண்டுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று. எதிராளிக்கு எது தெரியாது என்று தோன்றுகிறதோ அதற்கு மூன்று வைப்பது உத்தி. ஆக, தமக்குத் தெரிவதைப் போலவே எதிரே இருப்பவருக்கு எது தெரியாது என்பதும் அறியப்படவேண்டிய பொருளாகிறது. இது சூழ்ச்சிக்காகப் பெறும் அறிவுதான். ஆனாலும் பொன்மலை ரயில்வே பணிமனைக் குடியிருப்பில் வளர்ந்தவனுக்கு எஞ்சின் பெயர் தெரியும், ஆழ்வார் பெயர் தெரியாது என்று நினைத்துப் பார்க்கும் அந்த ஒரு நொடியில், கட்டைவிரலால் கடந்துபோகும் நூறு காலைகளில் கிடைக்காத கவனம் அவனுக்குக் கிடைத்துவிடுகிறது.

ஒரே விடையை வாழ்வாதாரமாகக் கொண்ட இன்னொரு கூட்டமும் திருச்சியில் இதே செயலிகளில் இருக்கிறது. அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் தமக்குள் நாள்தோறும் கேள்விகளைப் பரிமாறிக்கொள்கின்றனர். சத்திரம் பேருந்து நிலையத்தில் மாநகரப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பத்துக் கேள்விகள் முடிந்துவிடும். அவர்களை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை; ஒரு மதிப்பெண்ணில் ஆயிரம் பேர் முன்னும் பின்னுமாகும் வரிசை அது. வியப்பு என்னவென்றால், கெடுபிடிக்குப் பெயர்பெற்ற அந்தத் தேர்வுமுறையிலேயே நண்பர் குழுக்களில் இல்லாத இரண்டு வாயில்கள் திறந்திருக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் விடைத்தாளில் நான்கு விடைகளுக்குப் பின் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு: விடை தெரியவில்லை. விடுபட்ட வட்டங்களைப் பிறர் பின்னர் நிரப்பிவிடும் முறைகேட்டைத் தடுக்க 2020இல் வந்த சீர்திருத்தம் அது; நம்பிக்கையின்மையில் பிறந்ததேயாயினும், தெரியாமையை ஒரு விடையாகக் கையொப்பமிட்டுச் சொல்ல இடம் தந்த முறை அது. இரண்டாவது, தேர்வுக்குப் பின் ஆணையம் வெளியிடும் விடைப் பட்டியலுக்கு உத்தேச விடைகள் என்று பெயர்; சான்று காட்டி மறுக்க விரும்புவோர் மறுக்கலாம்; வல்லுநர் குழு பார்த்தபின்பே இறுதி விடை. கேள்வி கேட்டவர் தவறியிருக்கக் கூடும் என்று ஓர் அரசு அமைப்பே எழுத்தில் ஒப்புக்கொள்ளும்போது, பள்ளி நாள் முதல் தோளில் கைபோட்டுத் திரிந்தவர்கள் இரவு ஒன்பது மணிக்கு இறுதி விடை என்று அறிவித்துப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். நண்பர் குழுக்களில் காலைக் கேள்வி இடுவோருக்கு ஒரு வேண்டுகோள்: ஐந்தாவது கட்டத்தைச் சேருங்கள், விடையை அன்றிரவே அறிவிக்காமல் மறுப்புக்கும் பாட்டி கதைக்கும் இடம் விட்டு ஏழு நாள் பொறுத்திருங்கள். தேர்வாணையமே அவ்வளவு நாள் பொறுக்கிறது.